'வடக்கு, கிழக்கு நீங்கலாக'

போர் நடந்துகொண்டிருந்தபோதே ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளை எட்டிப் பிடித்த நாடு என்று பெயரெடுத்தது இலங்கை. சாதனை உண்மைதான். அந்தச் சாதனைப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியும் உண்மைதான்.

கேரளம் என்றால் மழை. ஆண்டுக்குச் சராசரி சுமார் 3,000 மில்லிமீட்டர் என்கிறது பள்ளிப் பாடநூல். ஆனால் கோவையிலிருந்து வரும் பேருந்து மாநில எல்லையைத் தாண்டி வேலந்தாவளத்தில் நிற்கும்போது அந்தக் கேரளம் கண்ணில் படுவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பான இது மழை மறைவுப் பிரதேசம். மாநிலச் சராசரியில் பாதி பெய்தாலே நல்ல வருஷம். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தொட்டும் சில இடங்களில் புகைதான் வருகிறது. கோடையில் குடிதண்ணீர் லாரியில் வரும். பாடநூலில் யாரும் பொய் எழுதவில்லை. அந்த மழை இங்கே பெய்வதில்லை, அவ்வளவுதான்.

எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்குச் சராசரி என்ற சொல்லின் மேல் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தோடு படிக்க வேண்டியவை இலங்கையைப் பற்றிய வளர்ச்சி அறிக்கைகள். இந்த அறிக்கைகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம் ஆகிவிடும். அட்டவணைக்கு அட்டவணை நட்சத்திரக் குறி போட்டு, கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் வரி அது: 'வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக'.

எட்டிய இலக்கு

2000 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய 189 நாடுகள் ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. அதிலிருந்து பிறந்தவை 'புத்தாயிரம் ஆண்டு வளர்ச்சி இலக்குகள்' என்ற எட்டு வாக்குறுதிகள். 1990ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, 2015க்குள் கொடும் வறுமையைப் பாதியாக்குவது, எல்லாக் குழந்தைகளையும் ஆரம்பப் பள்ளியில் சேர்ப்பது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவை மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பது, பிரசவ மரணத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைப்பது, மலேரியா போன்ற நோய்களைத் தடுத்து நிறுத்துவது ஆகியவை அதில் முக்கியமானவை.

அந்த எட்டில் ஒன்றுகூட சமாதானத்தைப் பற்றியது இல்லை. குண்டு விழும் நாட்டுக்கும் விழாத நாட்டுக்கும் ஒரே கேள்வித்தாள். விளைவு எதிர்பார்த்ததுதான். போரில் சிக்கிய அல்லது அரசு நிலைகுலைந்த ஏழை நாடுகளில் ஒன்றுகூட ஓர் இலக்கைக்கூட எட்டவில்லை என்று 2011ல் உலக வங்கியின் ஆண்டறிக்கை சொன்னது. இரண்டு வருடம் கழித்து, அப்படிப்பட்ட நாடுகளில் இருபது ஏதாவது ஓர் இலக்கையாவது எட்டிவிட்டதாகத் திருத்திச் சொன்னது. அதுவே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

இந்தக் கூட்டத்தில் சேராத விதிவிலக்கு இலங்கை. 1983 ஜூலையில் மூண்டு 2009 மே மாதம் வரை, இடையிடையே ஓய்ந்தும் எரிந்தும் 26 ஆண்டுகள் நடந்த போர் அது. ஆனாலும் அரசின் கணக்குப்படி 1990-91ல் 26.1 சதவீதமாக இருந்த வறுமை, 2006-07ல் 15.2 சதவீதமாகவும், 2009-10ல் 8.9 சதவீதமாகவும் இறங்கியது. பாதியாக்க வேண்டும் என்றது ஐ.நா. மூன்றில் ஒரு பங்காகவே ஆக்கிவிட்டோம் என்றது கொழும்பு. ஆரம்பப் பள்ளிச் சேர்க்கை ஏறத்தாழ முழுமை. பையன்களுக்குச் சமமாகப் பெண்கள் படித்தார்கள். மேல் வகுப்புகளில் பெண்களே அதிகம். பிரசவ மரணத்தில் தெற்காசியாவிலேயே மிகக் குறைந்த விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்று என்ற பெயர் போர்க் காலத்திலும் கெடவில்லை.

தாத்தா சேர்த்த சொத்து

இது எப்படிச் சாத்தியமாயிற்று? பெரும்பகுதி விடை போருக்கு முந்தைய அரை நூற்றாண்டில் இருக்கிறது.

1931லேயே, ஆண் பெண் பேதமின்றி, வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை வந்த நாடு இலங்கை. வாக்கு கேட்டு வருபவர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தருவதாகச் சொல்லியாக வேண்டியிருந்தது. 1945ல், கல்வியமைச்சர் கன்னங்கரா காலத்தில், இலவசக் கல்வி வந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை, ரேஷனில் மானிய விலை அரிசி என்று தொடர்ந்தது. கிராமம் கிராமமாக வீட்டு வாசலுக்கே போகும் மருத்துவ மாதுக்கள் நியமிக்கப்பட்டார்கள். 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்த நாட்டில், 1950களில் அது 500க்குக் கீழே வந்துவிட்டது. பெரிய பணக்கார நாடாக மாறாமலேயே இதைச் செய்ததால்தான், பொருளாதார வல்லுநர்கள் கேரளத்தையும் இலங்கையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினார்கள்.

போர் வந்தபோது இந்தச் சொத்து கையில் இருந்தது. படித்த தாய், தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் தாய், அகதியாக ஓடும்போதும் அந்த அட்டையை எடுத்துக்கொண்டே ஓடினாள். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் பெட்ரோல், டீசல், சிமெண்ட், பாட்டரி எதுவும் வடக்கே போக முடியாது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்து, க.பொ.த. தேர்வு எழுதினார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அவர்களின் காவல் துறை, அவர்களின் நீதிமன்றம், அவர்களின் வரி. ஆனால் பள்ளி ஆசிரியருக்கும் டாக்டருக்கும் சம்பளம் தந்தது கொழும்பு அரசு. நம் ஊர் கலெக்டருக்கு இணையான அரசாங்க அதிபர், கொழும்பின் ஊழியராகவே கிளிநொச்சியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். இந்தப் பிரதேசமும் தன் நாடுதான் என்று காட்ட அரசுக்கு அது தேவைப்பட்டது. மக்களுக்குச் சோறும் மருந்தும் கிடைக்கப் புலிகளுக்கும் அது தேவைப்பட்டது. இரண்டு தேவைகளுக்கு நடுவே கரும்பலகையும் மருந்துச் சீட்டும் பிழைத்துக் கிடந்தன.

முழுக்கப் பிழைத்தன என்று சொல்ல முடியாது. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகளைப் புலிகள் படைக்குச் சேர்த்ததில் ஆயிரக்கணக்கானவர்களை யூனிசெஃப் பதிவு செய்தது. ஷெல் விழுந்து மூடிய பள்ளிகளும், ராணுவ முகாமான பள்ளிகளும், அகதிகள் தங்கிய பள்ளிகளும் தனிக் கணக்கு.

துப்பாக்கி ஓய்ந்த நாட்கள்

போரின் நடுவே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று போலியோ சொட்டு மருந்து.

1990களின் பிற்பாதியில் தேசிய தடுப்பு மருந்து நாட்கள் அறிவிக்கப்பட்டபோது, யூனிசெஃப் நடுவில் நின்று பேசி, அந்த நாட்களில் மட்டும் சண்டை வேண்டாம் என்று இரு தரப்பையும் இணங்க வைத்தது. 'அமைதி நாட்கள்' என்று அவற்றுக்குப் பெயர். 1985ல் எல் சல்வடோர் உள்நாட்டுப் போரில் முதலில் பிறந்த யோசனை அது. ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுகாதார ஊழியர்கள் இரு பக்கத்துக் கிராமங்களுக்கும் போனார்கள். 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு குழந்தைக்கும் போலியோ வரவில்லை.

மலேரியாவின் கதை இன்னும் நீளம். 1934-35 கொள்ளை நோயில் 80,000 பேருக்கு மேல் பலியான தீவு அது. டி.டி.ட்டி. தெளித்து 1963ல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999லும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் மலேரியா. அதில் பெரும்பங்கு போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்தான்.

கொசுவுக்கு ராணுவச் சோதனைச் சாவடி கிடையாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். காட்டில் கிடக்கும் சிப்பாய்க்கும் போராளிக்கும் ஒரே காய்ச்சல். மலேரியாத் தடுப்புப் பணியாளர்களைப் புலிகளும் தங்கள் பகுதிகளில் வேலை செய்ய விட்டார்கள். மருந்து தடவிய கொசு வலைகள் போயின. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராக ரத்தப் பரிசோதனை செய்தன. 2008ல், போர் உச்சத்தில் இருந்த ஆண்டில், நாடு முழுவதும் நோயாளிகள் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே போனது. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழைக் கொடுத்தது.

இந்தச் சாதனைக்கு அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. காரணம் எளிது. ஓர் ஊரை விட்டுவிட்டு மலேரியாவை ஒழிக்க முடியாது. விட்ட ஊரிலிருந்து அது திரும்பி வரும். வறுமையை அப்படி இல்லை. ஓர் ஊரை விட்டுவிட்டே குறைக்கலாம்.

கணக்கில் வராத வீடுகள்

எப்படிக் குறைப்பது என்பதற்கு இலங்கையின் குடும்ப வருமான, செலவு ஆய்வுகளே சாட்சி. 1990-91, 1995-96, 2002 ஆகிய மூன்று ஆய்வுகளிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் இல்லை. 2006-07ல் கிழக்கின் ஒரு பகுதி சேர்ந்தது. வட மாகாணம் முழுவதும், திருகோணமலை மாவட்டமும் வெளியே நின்றன. போர் முடிந்தபின் 2009-10ல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் உள்ளே வந்தன. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் வெளியே. 25 மாவட்டங்களிலும் வீடு வீடாகக் கேட்ட முதல் ஆய்வு 2012-13ல்தான் நடந்தது.

ஆக, 26.1 சதவீதம் என்ற தொடக்கப் புள்ளியிலும் வடகிழக்கு இல்லை. பாதிக்கும் கீழே இறங்கிய 8.9 சதவீதம் என்ற சாதனைப் புள்ளியில், போர் கடைசியாக மேய்ந்த மூன்று மாவட்டங்கள் இல்லை. கல்யாண வீட்டில் இருந்தவர்களை மட்டும் எண்ணி, ஊரில் யாருக்கும் பசியில்லை என்று முடிவு கட்டியது போலத்தான்.

தாய் சேய் நலத்தை அளக்கும் மக்கள்தொகை சுகாதார ஆய்விலும் இதே கதை. 1987, 1993, 2000 ஆய்வுகள் வடகிழக்குக்குப் போகவில்லை. 2006-07 ஆய்வு வட மாகாணத்துக்குப் போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் மோசம். 1981க்குப் பிறகு 1991ல் எடுக்கவே இல்லை. 2001ல் எடுத்தது 18 மாவட்டங்களில்தான் முழுமை. ஆக, முழு நாட்டையும் எண்ண 31 ஆண்டுகள் ஆயின.

2012ல் எண்ணியபோது வட மாகாணத்தில் 10.6 லட்சம் பேர் இருந்தார்கள். 1981ல் அங்கே இருந்தவர்கள் 11 லட்சம். இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மக்கள்தொகை ஒன்றரைக் கோடியிலிருந்து இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. இறந்தவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தமிழகத்துக்கும் போனவர்கள், 1990 அக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வடக்கு முஸ்லிம்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

புள்ளிவிவர அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது. கண்ணிவெடிக்கு நடுவே கேள்வித்தாளோடு யார் போக முடியும்? அடிக்குறிப்பு போட்டார்களே, அதுவே நேர்மை. தவறு பிறகு நடந்தது. அறிக்கையிலிருந்து எண் உரைக்குப் போகிறது, உரையிலிருந்து தலைப்புச் செய்திக்குப் போகிறது. நட்சத்திரக் குறி முதல் படியிலேயே உதிர்ந்துவிடுகிறது. 'இலங்கையில் வறுமை பாதியானது' என்பதுதான் கடைசியில் மிஞ்சுகிறது.

70,000 பேரா, மூன்று லட்சமா?

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2009ன் முதல் ஐந்து மாதங்களைவிடக் கொடுமையான உதாரணம் இருக்க முடியாது.

ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது. ராணுவம் கிழக்கே முன்னேற முன்னேற, மக்களும் கடற்கரையை நோக்கித் தள்ளப்பட்டார்கள். அந்தக் குறுகிய நிலத்தில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள்? பிப்ரவரியில் அரசு சொன்ன எண்ணிக்கை சுமார் 70,000. களத்தில் இருந்த அரசாங்கத்தின் சொந்த அதிகாரிகள் சொன்னது மூன்று லட்சத்துக்கு மேல். ஐ.நா.வின் மதிப்பீடு இரண்டரை லட்சத்தைத் தாண்டியது.

இது பத்திரிகைகளுக்கான சண்டை இல்லை. எத்தனை வாய்கள் என்ற கணக்கில்தான் கப்பலில் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை பெட்டி மருந்து என்பது முடிவாகும். 70,000 பேருக்கு என்று அனுப்பியதை மூன்று லட்சம் பேர் பங்கிட்டுத் தின்ன வேண்டும். பள்ளிக்கூடங்களில் தற்காலிக ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர்கள் மயக்க மருந்துக்கும் ரத்தத்துக்கும் தவித்தார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்றது. மக்களை வெளியேற விடாமல் தடுத்ததாகவும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதாகவும் புலிகள் மீதும், ஆஸ்பத்திரிகள் மீதும் 'பாதுகாப்பு வலயம்' என்று தானே அறிவித்த இடங்கள் மீதும் ஷெல் அடித்ததாக அரசு மீதும் ஐ.நா. நிபுணர் குழு 2011ல் குற்றம் சாட்டியது. அரசு இதை மறுத்தது. அந்த இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்றது குழு.

மே மாதம் எல்லாம் முடிந்தபோது, முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2,90,000 பேர். எழுபதாயிரத்தில் இத்தனை பேர் எப்படி மிஞ்ச முடியும் என்ற கேள்விக்கு எந்த அறிக்கையிலும் அடிக்குறிப்பு இல்லை.

எண்ணிய பிறகு

செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அதே சமயத்தில்தான் முதன்முறையாக 25 மாவட்டங்களிலும் அந்த ஆய்வு தொடங்கியது. முடிவு: நாட்டின் வறுமை 6.7 சதவீதம். கொழும்பு மாவட்டத்தில் 1.4. முல்லைத்தீவில் 28.8. 2012-13ன் முல்லைத்தீவு, 1990-91ன் தேசியச் சராசரியைவிட ஏழை. நாடு இருபது ஆண்டுகள் நடந்த தூரத்தை அது நடக்கவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

வறுமை தமிழ்ப் பகுதிகளுக்கு மட்டும் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. அதே ஆய்வில் தெற்கே சிங்களர் பெரும்பான்மையாக வாழும் மொனராகலையில் 20.8 சதவீதம். மலையகத் தேயிலைத் தோட்டங்களும் தேசியச் சராசரிக்கு மேலேயே இருந்தன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மொனராகலை எப்போதும் கணக்கில் இருந்தது. அதன் எண் ஆய்வுக்கு ஆய்வு பதிவாகி, சமையலறைக் கூரையில் ஒழுகும் இடம் தெரிவதுபோல எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முல்லைத்தீவின் கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஆளே போகவில்லை.

போருக்குப் பின் வடக்கில் வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏ-9 சாலை பளபளக்கிறது. இந்திய உதவியில் பாதை போட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போனது. இந்தியா 50,000 வீடுகளுக்குப் பணம் கொடுத்தது. கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளில் வேலைக்குச் சேர்ந்து, மண்டியிட்டு மண்ணைக் கிளறி வெடி எடுப்பவர்களில் கணிசமானவர்கள் உள்ளூர்ப் பெண்கள். கணவனை இழந்தவர்கள் பலர்.

அந்தப் பெண்கள்தான் போருக்குப் பிந்தைய வறுமையின் முகம். சாலை வந்தது, சாலையோடு கடன் கம்பெனிகளும் வந்தன. தையல் மெஷின், கோழிக் கூடு என்று சிறு கடன் வாங்கி, அதைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன் என்று போனது. வாரா வாரம் தவணை வசூலுக்கு வாசலில் ஆள். 2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சிறு கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

நிலம் இன்னொரு பிரச்சினை. ராணுவத்திடம் இருக்கும் தங்கள் காணிகளைக் கேட்டு முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்பிலவு மக்கள் 2017ல் மாதக்கணக்கில் சாலையோரம் உட்கார்ந்தார்கள். வயலும் கடலும்தான் அந்த மாவட்டத்தின் வருமானம். வயலுக்குப் போக முடியாதவனை வறுமைக் கோட்டுக்கு மேலே தூக்க எந்தத் திட்டத்தாலும் முடியாது.

2016 ஆய்வில் முல்லைத்தீவு 12.7 சதவீதத்துக்கு இறங்கியது. கிளிநொச்சி 18.2 சதவீதத்தோடு கடைசி இடத்துக்குப் போனது. 2019ல் வறுமைக் கோட்டைத் திருத்தி அமைத்துக் கணக்கிட்டார்கள். தேசியச் சராசரி 14.3 சதவீதம், முல்லைத்தீவு 44.5. கோடு மாறியதால் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஆனால் வரிசையில் கடைசியில் நிற்பவர் யார் என்பது மாறவில்லை. 2022 ஏப்ரலில் நாடே கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று கையை விரித்தது. அந்த ஆண்டில் நால்வரில் ஒருவர் ஏழை என்று உலக வங்கி மதிப்பிட்டது. பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் கொழும்பு மக்கள் வரிசையில் நின்றதை உலகமே படமெடுத்தது. அந்த வரிசை யாழ்ப்பாணத்துக்கு 1990களிலிருந்தே பழக்கம்.

பக்கத்து வீட்டுக் கணக்கு

இலங்கையை விரல் நீட்டும் முன், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பார்வை.

2013ல் கேரளத்தின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 12. நாட்டிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. அதே ஆண்டில், அதே பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி ஆதிவாசி ஊர்களில் பச்சைக் குழந்தைகள் டஜன் கணக்கில் இறந்த செய்தி டில்லி வரை போனது. ரத்தசோகை பிடித்த தாய்மார்கள், எடை குறைந்த குழந்தைகள். மாநிலச் சராசரி அசையவில்லை. அசைக்கும் அளவுக்கு அந்த மக்கள் எண்ணிக்கை இல்லை. இடுக்கியில் மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடிக்கு 2010ல்தான் தனிப் பஞ்சாயத்து கிடைத்தது. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. பெயர் சொல்லித் தனியாக எண்ண ஆரம்பித்த பிறகுதான் அங்கே சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்பதெல்லாம் பேசுபொருள் ஆயிற்று. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. சராசரிக்கு ஓர் ஊரை மறைக்கப் போர் தேவையில்லை.

வேலந்தாவளத்திலிருந்து கிழக்கே கோவை மாவட்டத்துக்குள் போனால் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றில் வாழ்கிறார்கள். அகதி முகாம் என்ற பெயரை 2021ல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பின் கல்விக் கணக்கில் அவர்கள் இல்லை. குடியுரிமை இல்லாததால் டில்லியின் கணக்கிலும் முழுதாக இல்லை.

கட்டம் இல்லாத கேள்வி

2015ல் எட்டு இலக்குகளின் கெடு முடிந்து, பதினேழு இலக்குகள் வந்தன. 2030க்குள் எட்ட வேண்டிய 'நீடித்த வளர்ச்சி இலக்குகள்'. பழைய தவறு திருத்தப்பட்டு, பதினாறாவது இலக்காக சமாதானமும் நீதியும் சேர்ந்தன. யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது இந்த முறை முழக்கம். 2016ல் வந்த இலங்கையின் மக்கள்தொகை சுகாதார ஆய்வு 25 மாவட்டங்களுக்கும் போனது. அந்த ஆய்வு வரிசையில் 'நீங்கலாக' என்ற சொல் தேவைப்படாத முதல் அறிக்கை அதுதான். முப்பது ஆண்டுகளில் ஒரு சொல் நீங்கியது.

ஆனால் பதினாறாவது இலக்கின் அளவுகோல்களைப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படுகிறது. போரில் இறந்தவர்களை எண்ண ஒரு கட்டம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. அது பத்திரிகையாளர்கள், தொழிற்சங்கத்தினர், மனித உரிமைப் பணியாளர்களுக்கானது. சாதாரண வீட்டுப் பிள்ளை காணாமல் போனால் எழுத இடமில்லை. இலங்கையில் காணாமல் போனவர்கள் பற்றி விசாரித்த அரசு ஆணைக்குழுவுக்கு வந்த முறையீடுகள் இருபதாயிரத்துக்கும் மேல். 2018ல் காணாமல் போனோருக்கென்று தனி அலுவலகமே வேலையைத் தொடங்கியது.

2017 பிப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சியில் கோயிலருகே ஒரு பந்தல் போட்டு, பிள்ளைகளின் போட்டோக்களைத் தொங்கவிட்டு, தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதுபோலவே. அந்தப் போராட்டம் ஆயிரம் நாட்களைத் தாண்டியது. உட்கார்ந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். தாங்கள் கண்ணால் பார்க்க ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பது அவர்களில் பலருடைய ஒரே கேள்வி.

அரிசி கொடுத்தால் பசி தீரும். கொசு வலை கொடுத்தால் மலேரியா தீரும். இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டியது ஒரு பட்டியல்: பெயர், ஊர், என்ன ஆனார் என்ற விவரம். வன்னியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று 2009ல் எண்ண மறுத்தவர்கள் தயாரிக்க வேண்டிய பட்டியல் அது.